எலிப்டிகல் மெஷினில் ஹார்ட் ரேட் புரோகிராம்: அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது அது கேட்கும் கேள்விகளைப் படிக்காமலேயே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்து கொண்டே போவோம். கம்ப்யூட்டரில் இப்படிச் செய்தால் தேவையற்ற டூல்பார் ஒன்று வந்து உட்காரும், பிறகு நீக்கிவிடலாம். நானும் இதே பழக்கத்தில் வீட்டில் உள்ள எலிப்டிகல் மெஷினிலும் எண்டர், எண்டர் என்று தட்டிக் கொண்டே போனேன். அங்கே சிக்கியது டூல்பார் அல்ல, என் இதயம்.

எலிப்டிகல், டிரெட்மில், உடற்பயிற்சி சைக்கிள் ஆகிய எல்லாவற்றிலும் இன்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் பலரும் தொடத் தயங்கும் பட்டன், ஹார்ட் ரேட் புரோகிராம். அது எப்படி இயங்குகிறது, அதை எப்படி அமைப்பது, எங்கே அதை நம்பக் கூடாது என்பதை என் அனுபவத்துடன் இங்கே காண்போம்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

எலிப்டிகல் மெஷினை 1995ல் பிரிகார் என்ற அமெரிக்க நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாதம் பெடலை விட்டு எழும்புவதில்லை. எனவே ஓடும்போது முழங்காலில் விழும் அதிர்ச்சி இதில் குறைவு. முழங்கால் வலி உள்ள என்னைப் போன்றவர்கள் இதை வாங்குவது இதற்காகத்தான்.

பெடலை மிதித்தால் உள்ளே ஒரு கனமான சக்கரம் சுற்றும். அதன் ஓரத்தில் காந்தங்கள் இருக்கும். ஒரு சிறிய மோட்டார் காந்தங்களைச் சக்கரத்தின் அருகே தள்ளினால் பெடல் கனக்கும், விலக்கினால் லேசாகும். டிஸ்பிளேயில் லெவல் 1, லெவல் 2 என்று காட்டுவது இந்த இடைவெளியைத்தான். என் மெஷினில் 16 லெவல்கள் உள்ளன.

மேனுவல் மோடில் லெவலை நீங்கள் வைக்கிறீர்கள். இதயம் அதற்கு ஏற்ப ஓடுகிறது. ஹார்ட் ரேட் புரோகிராமில் இது தலைகீழ். இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். மெஷின் உங்கள் துடிப்பை எண்ணிக் கொண்டே இருக்கும். துடிப்பு இலக்கிற்குக் கீழே இருந்தால் லெவலை ஒன்று ஏற்றும். மேலே போனால் ஒன்று இறக்கும். இன்புட், ப்ராசஸ், அவுட்புட் என்று கம்ப்யூட்டர் பாடத்தில் படித்தோமே, அதேதான். ப்ராசஸ் மிக எளிமையானது. ஆகவே இன்புட் தவறானால் எல்லாமே தவறாகும்.

இன்புட் இரண்டே இரண்டுதான். ஒன்று உங்கள் துடிப்பு. மற்றொன்று உங்கள் இலக்கு.

முதல் இன்புட்: துடிப்பு

கைப்பிடியில் உள்ள உலோகத் தகடுகளை இரு கைகளாலும் பிடித்தால், இதயத்தின் மின் துடிப்பை அவை உணரும். ஒரு கையை எடுத்தாலும் எண் மறைந்துவிடும். கை வறண்டிருந்தாலும், இறுக்கிப் பிடித்தாலும், உடல் ஆடினாலும் எண் தாறுமாறாகும். ஒருமுறை எனக்கு 96லிருந்து திடீரென 171 என்று காட்டியது. பதறி மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் அதே 96தான். ஆனால் மெஷின் 171ஐ நம்பி லெவலை மளமளவென்று இறக்கிவிட்டது.

ஹார்ட் ரேட் புரோகிராமுக்கு ஏற்றது மார்பில் கட்டும் பட்டை. பின்லாந்தில் 1977ல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் இதில் முன்னோடி. பல பழைய மெஷின்கள் 5 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை மட்டுமே பெறும். புதியவற்றில் பல, புளூடூத் அல்லது ஆன்ட் பிளஸ் சிக்னலைப் பெறும். பட்டை வாங்கும் முன் உங்கள் மெஷினின் கையேட்டில் எது குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்த்து வாங்கவும். பட்டையின் உட்புறம் உள்ள எலெக்ட்ரோடுகளைத் தண்ணீரால் ஈரமாக்கிய பிறகே கட்ட வேண்டும். பட்டை வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் செய்யாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

கைக்கடிகாரங்கள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகின்றன. எலிப்டிகல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஆட்டும்போது இவை தடுமாறக் கூடும்.

இரண்டாவது இன்புட்: இலக்கு

பெரும்பாலான மெஷின்கள் உங்கள் வயதைக் கேட்டு, 220லிருந்து வயதைக் கழிக்கும். வருவது உங்கள் அதிகபட்சத் துடிப்பு என்று எடுத்துக் கொள்ளும். பிறகு 55%, 75%, 90% என்று சில தேர்வுகளைக் கொடுக்கும். நீங்களே எண்ணைத் தரும் டார்கெட் என்ற தேர்வும் பலவற்றில் இருக்கும்.

உங்கள் வயது 40 என்று வைத்துக் கொள்வோம். அதிகபட்சம் 180. அதில் 60 சதவீதம் 108.

இன்னொரு முறையும் உள்ளது. கார்வோனன் என்ற பின்லாந்து ஆய்வாளரின் பெயரால் வழங்கும் இம்முறையில், காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எண்ணிய துடிப்பையும் சேர்த்துக் கொள்வார்கள். அது 70 என்றால், 180லிருந்து 70ஐக் கழிக்க 110. அதில் 60 சதவீதம் 66. அதனுடன் 70ஐக் கூட்டினால் 136.

கவனித்தீர்களா? அதே வயது, அதே 60 சதவீதம். ஒரு முறையில் 108, மற்றொன்றில் 136. ஆகவே யாராவது "60 சதவீதத்தில் செய்" என்று சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

மேலும், 220 என்ற இந்தச் சூத்திரமே ஒரு சராசரிதான். 2001ல் வெளியான ஓர் ஆய்வு, வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிப்பதே பொருத்தம் என்றது. 40 வயதில் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடை தரும். 60 வயதில் ஒன்று 160 என்றும் மற்றொன்று 166 என்றும் சொல்லும். எந்தச் சூத்திரமானாலும் தனி மனிதருக்கு 10 துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம்.

புரோகிராமை அமைக்கலாம்

பட்டன்களின் பெயர் மெஷினுக்கு மெஷின் மாறும். வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. மார்புப் பட்டையை ஈரமாக்கிக் கட்டிக் கொண்டு, டிஸ்பிளேயில் துடிப்பு தெரிகிறதா என்று பார்க்கவும். மணிக்கட்டில் 30 விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்கி ஒப்பிடவும்.

2. மேனுவல் மோடில் லெவல் 1 அல்லது 2ல் ஐந்து நிமிடம் மெதுவாக மிதிக்கவும்.

3. மோட் பட்டன் மூலம் எச்ஆர்சி அல்லது ஹார்ட் ரேட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

4. வயது கேட்கும். மெஷின் தானாகக் காட்டும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் வயதைக் கொடுத்து எண்டர் தட்டவும்.

5. இலக்கைக் கொடுக்கவும். தொடக்கத்தில் குறைந்த சதவீதமே போதும்.

6. நேரத்தை 15 நிமிடமாக வைத்து ஸ்டார்ட் தட்டவும்.

7. ஓடும்போது ஒரே வேகத்தில் மிதிக்கவும். களைப்பில் வேகத்தைக் குறைத்தால் துடிப்பு இறங்கும். உடனே மெஷின், "இவருக்கு வேலை போதவில்லை" என்று லெவலை ஏற்றும்.

8. முடிந்ததும் சட்டென்று இறங்காமல் லெவல் 1ல் மேலும் ஐந்து நிமிடம் மிதிக்கவும். திடீரென நின்றால் தலை சுற்றக் கூடும்.

லெவல் ஏறியவுடன் துடிப்பும் ஏறிவிடாது. சற்று நேரம் பிடிக்கும். ஆகவே முதல் சில நிமிடங்கள் எண் இலக்கைத் தாண்டியும் கீழே இறங்கியும் ஊசலாடும். மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு நடந்தது

அப்போது எனக்கு வயது 52. முதல் நாள் எண்டர் தட்டிக் கொண்டே போய் 75% என்பதைத் தேர்ந்தெடுத்தேன். டிஸ்பிளே இலக்கு 143 என்றது. துடிப்போ 104ஐத் தாண்டவில்லை. லெவல் மட்டும் ஏறிக் கொண்டே போனது. மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். இரவு கையேட்டைப் புரட்டினால், மெஷினில் ஏற்கெனவே இருந்த வயது 30! எனக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் 52 என்று சரியாகக் கொடுத்தேன். இலக்கு 126. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். துடிப்பு 106ல் நின்றது. லெவல் 5, 7, 10 என்று ஏறி 12க்குப் போனது. தொடை நடுங்கியது. சமையலறையிலிருந்து வந்த மனைவி, "என்னங்க, டீ போடட்டுமா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. "என்னங்க, முகமெல்லாம் இப்படி வெளுத்திருக்கு? முதல்ல இறங்குங்க!" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். டிஸ்பிளே அப்போதும் "106, இன்னும் போதாது" என்றுதான் காட்டிக் கொண்டிருந்தது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே செஞ்சீங்க?" நான் அட்டெனோலால் சாப்பிட்டு வந்தேன். இது பீட்டா பிளாக்கர் என்ற வகை. இதயத் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பதே இதன் வேலை. மெட்டோபுரோலால், புரோப்ரனோலால் ஆகியவையும் இவ்வகையே. உடல் எவ்வளவு உழைத்தாலும் எண் ஏறாது. எண் ஏறாததால் மெஷின் உழைப்பைக் கூட்டிக் கொண்டே போகும்.

மெஷினில் எந்தத் தவறும் இல்லை. அது சொன்னபடியே செய்தது. மாத்திரையைப் பற்றி அது கேட்கவில்லை. நானும் சொல்ல வழியில்லை. பிறகு மாத்திரை சாப்பிட்ட நிலையிலேயே எனக்கு டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, அதைப் பார்த்து டாக்டர் கொடுத்த எண் 98. அன்றிலிருந்து வயதுக் கணக்கை விட்டுவிட்டு, டார்கெட் தேர்வில் 98 என்று நானே கொடுக்கிறேன். அந்த எண் எனக்கு மட்டுமே உரியது. நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பெற வேண்டும். பயிற்சிக்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அதை மட்டும் செய்யவே கூடாது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், துடிப்பு சீராக இல்லாதவர்கள், இதய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் புரோகிராமைத் தொட வேண்டாம். மார்பு வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.

எண்ணைச் சரிபார்க்க ஒரு சோதனை

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. சுவீடனைச் சேர்ந்த போர்க் என்ற உளவியலாளர், களைப்பை 6லிருந்து 20 வரை நாமே மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். அதில் 12 முதல் 14 வரை மிதமானது. டிஸ்பிளேயும் உங்கள் மூச்சும் வேறு வேறு சொன்னால், மூச்சை நம்புங்கள்.

கம்ப்யூட்டரில் குறித்து வையுங்கள்

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து ஐந்து நெடுவரிசைகள் அமைக்கவும்: தேதி, காலைத் துடிப்பு, இலக்கு, பெரும்பாலான நேரம் நின்ற லெவல், பேச முடிந்ததா. ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இரண்டு மாதம் கழித்து தேதியையும் லெவலையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் லைன் சார்ட் போட்டுப் பாருங்கள்.

ஏன் லெவல்? ஹார்ட் ரேட் புரோகிராமில் துடிப்பு எப்போதும் இலக்கை ஒட்டியே இருக்கும். அதில் முன்னேற்றம் தெரியாது. அதே துடிப்பில், அதே வேகத்தில், இதயம் எவ்வளவு சுமையை இழுக்கிறது என்பதே முன்னேற்றம். எனக்கு 98ல் தொடக்கத்தில் லெவல் 3 நின்றது. ஐந்து மாதத்தில் அது 6 ஆனது. அந்தக் கோடு மேலே ஏறுவதைத் திரையில் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம், எந்த கேமில் ஜெயித்தாலும் கிடைத்ததில்லை. டாக்டரிடம் போகும்போது இந்த ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் செல்கிறேன். மாத்திரையின் அளவை மாற்றினால் இலக்கையும் மாற்ற வேண்டும் என்பதால் அவருக்கும் இது உதவுகிறது.

இப்போதும் மாலையில் மெஷின் ஓடும்போது மனைவி சமையலறையிலிருந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்பார். "போடு, சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்று முழுசாகப் பதில் சொல்ல முடிந்தால், அன்றைய லெவல் சரி என்று அர்த்தம். நீங்களும் இன்று ஸ்டார்ட் பட்டனைத் தட்டும் முன், மெஷின் கேட்கும் கேள்விகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.