மதிப்பீட்டாளரின் யோக்கியதையை வகுப்பது எவ்வாறு?

திருப்பூர்ப் பனியன் தொழிலாளரின் நலத்தை நாடி நடத்தப்பெறும் ஒரு திட்டம் உண்மையில் பயன் விளைத்ததா என்று ஆராய ஒருவரை அமர்த்த விரும்பும் தொழிற்சங்கமோ தொண்டு நிறுவனமோ, பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் விளம்பரத்தில் கேட்பதற்கு முன்னர், அவர் செய்ய வல்ல காரியங்கள் எவையாக இருத்தல் வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்வது அவசியம்.

முதலில் அத்திறன்களுக்கான தலைப்புகளை நிர்ணயிக்க வேண்டும். இதற்காகப் பெருஞ்சிரமம் வேண்டியதில்லை. அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர் திறன் வரையறை, தொழில்நெறி, ஆய்வுமுறை, சூழலறிவு, திட்டமிடலும் நிர்வாகமும், மனிதரோடு பழகும் திறன் என்று ஐந்தாகப் பகுக்கிறது. தலைப்பை இரவல் பெறலாமேயன்றி, அதன்கீழ் வரும் விஷயத்தை உள்ளூரிலேதான் திரட்ட வேண்டும்.

ஆகவே அடுத்தபடியாக, பவர்டேபிள் டெய்லர், செக்கிங் பெண்கள், கைமடிப்போர், லேபர் கான்ட்ராக்டர், சாயப்பட்டறை ஊழியர் ஆகியோரிடம் தனித்தனியே பேசிக் குறிப்பெடுங்கள். ஒன்றரை ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்பதை அறியாதவரும், பீஸ் ரேட்டுக்கும் ஷிப்டுக் கூலிக்கும் உள்ள பேதம் தெரியாதவரும், எத்துணை நேர்த்தியான வினாப்பட்டியலோடு வந்தாலும் பிழையான எண்களையே கொண்டு செல்வர்.

மூன்றாவது படிதான் கடினமானது: ஒவ்வொரு திறனையும் சோதித்தறியத்தக்கவாறு எழுதுவது. வெளிநாட்டு பையர்களின் பிரதிநிதிகள் அடிக்கடி வந்து ஆடிட் செய்யும் ஊர் இது. ஆடிட் என்பது விதி அனுசரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது. மதிப்பீடோ திட்டத்தால் ஏதேனும் மாறியதா, மாறியிருப்பின் எதனால் என்று விசாரிப்பது. ஆடிட்டுக்கென்று விடைகளைப் பாடம் செய்துகொண்ட தொழிலாளி, மதிப்பீட்டாளருக்கும் அவ்விடையையே ஒப்பிப்பார். எனவே 'தொழிலாளரோடு நன்கு பழகுவார்' என்று எழுதுவது வீண். 'கம்பெனி வாசலுக்கு அப்பால், ஞாயிற்றுக்கிழமையன்று, சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளியை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் விசாரித்து, சொன்னவர் இன்னாரென்று வெளிப்படாதவாறு பதிவு செய்வார்' என்று எழுதினால்தான் அத்திறனைச் சோதித்தறிய இயலும். என் அபிப்பிராயத்தில் இதற்கு ஈடான யோக்கியதை வேறில்லை. புள்ளியியலைப் பிற்பாடு கற்பித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, ஆய்வுமுறையைச் சோதிக்க நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவையே வினாவாகக் கொடுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் சற்றும் வெளிவராத முறையை மேற்கொண்ட பின்னரே அவை மீண்டும் இயங்க வழி ஏற்பட்டது. இந்நடவடிக்கையின் பயனை மதிப்பிடச் சொன்னால், விண்ணப்பதாரர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை எண்ணுவதோடு நிற்கிறாரா, அவ்வாற்றின் ஒரத்துப்பாளையம் அணையை அடுத்த கிணற்று நீரின் உப்பைக் கேட்கிறாரா, மழை மிகுந்த ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பிரித்துப் பார்க்கிறாரா, தேங்கும் உப்புக்கழிவு எங்கே போகிறது என்று வினவுகிறாரா என்பதைக் கவனித்து மதிப்பெண் இடலாம்.

இறுதியாக, ஒவ்வொரு திறனையும் பயிலுநர், தனித்து இயங்குபவர், குழுத்தலைவர் என்று தரப்படுத்துங்கள். எல்லாம் ஒருவரிடமே அமைவது அபூர்வமாகலின், குழுவில் எவருக்கு எது கட்டாயம் என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுக. மொழிபெயர்ப்புச் செலவுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்காமல், ஒடியா அறிந்த புள்ளியியல் நிபுணரே வேண்டுமென்று கேட்பது நியாயமன்று.