பேச்சு ஏன் பாதியில் நிற்கிறது?

பேருந்து ஓடுகிறது. பயணி செல்போனில் பேசுகிறார். ஊர்கள் கடந்து போகின்றன. பேச்சு அறுபடுவதில்லை. இது எப்படி?

செல்போன் வானொலி அலைகள் மூலம் வேலை செய்கிறது. அருகில் உள்ள டவர் அந்த அலைகளை வாங்குகிறது. ஒரு டவரின் அலை சில கிலோமீட்டர் தூரம்தான் நன்றாக எட்டும். அதன் பிறகு அடுத்த டவர் பேச்சை ஏற்க வேண்டும்.

வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்கள். அடுத்தவர் கை நீட்டும் முன் விட்டால் செங்கல் கீழே விழும். டவர்களும் பேச்சை இப்படித்தான் கைமாற்றுகின்றன.

அலைவரிசைகள் பல

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசினார். அப்போது 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்பட்டது. பிறகு 1800 வந்தது. இன்று இன்னும் பல உள்ளன.

900 அலை அதிக தூரம் போகும். சுவரையும் ஓரளவு நன்றாக ஊடுருவும். 1800 அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கூட்டம் மிகுந்த நகரத்தில் அதுவும் சேர்ந்தால்தான் பலர் ஒரே நேரத்தில் பேச முடியும்.

நகரத்தை விட்டு வெளியே போகும்போது 1800 மெலிகிறது. அப்போது பேச்சு 900-க்கு மாற வேண்டும். மாறாவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

சோதனை எப்படி நடக்கிறது?

ஒரு காரில் சில செல்போன்களும் ஒரு கணினியும் இருக்கும். இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கும். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் கணினியைப் பார்ப்பார். ஒரு போனில் அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த டவர், எந்த அலைவரிசை, எவ்வளவு சிக்னல் என்பதெல்லாம் பதிவாகும்.

சிக்னலின் அளவு கழித்தல் குறியோடு வரும். -70 என்றால் நல்ல சிக்னல். -100 என்றால் பலவீனம்.

சோதனையில் மூன்று குறைகள் அடிக்கடி தெரியும்:

1. மாற்றம் தாமதமாக நடக்கிறது.
2. பேச்சு இரு டவர்களுக்கு இடையே முன்னும் பின்னும் தாவுகிறது.
3. பக்கத்து டவரின் பெயர் பட்டியலில் இல்லை. அதனால் போன் அதைத் தேடுவதே இல்லை.

இவற்றைப் பெரும்பாலும் கணினியில் அமைப்பை மாற்றியே சரிசெய்யலாம். புதிய டவர் தேவைப்படாது.

நாம் என்ன செய்யலாம்?

பாதியில் அறுந்தது ஆம்புலன்ஸை அழைத்த பேச்சாக இருந்தால்? ஓர் உயிரே போகலாம். ஆகவே இது சின்னக் குறை அல்ல.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் ஊர் ஊராகச் சோதனை நடத்துகிறது. முடிவுகளை வெளியிடுகிறது. ஆனால் சோதனைக் கார் எல்லாச் சாலைக்கும் தினமும் வராது. அந்த வழியில் தினமும் போகிறவர் நாம்தான்.

ஒரே இடத்தில் பேச்சு அடிக்கடி அறுபடுகிறதா? இடத்தையும் தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். போன் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

“சிக்னல் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் குறையைத் தேட வேண்டியிருக்கும். “பாலத்தைத் தாண்டியதும், காலை 8 மணிக்கு” என்று எழுதினால் கார் நேராக அங்கே வரலாம்.

விடை கூறுங்கள்

1. அதிக தூரம் போவது எந்த அலை?
2. -70, -100: எது நல்ல சிக்னல்?
3. உங்கள் ஊர்ச் சாலையில் பேச்சு எங்கே அறுபடுகிறது? எழுதுங்கள்.