முதலில் தண்ணீரை வளர்

தூத்துக்குடி

அன்புக் கண்மணிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உன் வேளச்சேரி வீட்டுக் கூடத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்துப் பவளம் வளர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. "மாமா, முதலில் எந்தப் பவளம் வாங்கலாம்?" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்வேன், ஆனால் கொஞ்சம் பொறு. முதல் இரண்டு மாதம் பவளமும் வாங்காதே, மீனும் வாங்காதே. அதுவரை நீ வளர்க்க வேண்டியது தண்ணீரை.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். இதைக் கடைக்காரர்கள் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. நீ படத்தில் வட்டம் போட்டுக் காட்டியதில் பாதி கல்பவளம். பாறையைக் கட்டும் கல்பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமும் 2001-இல் நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கடல்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அப்போதுதான் பாதுகாப்பு வந்தது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்துக் காய்ந்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். 'லைவ் ராக்' என்று ஈரச் சாக்கில் சுற்றித் தருவார்கள். அதுவும் பெரும்பாலும் பவள எலும்புதான். வேண்டாம்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைதான் இந்தக் கரைக்கு அரண். பல பத்தாண்டுகள் அந்தப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். 2005-க்குப் பிறகுதான் அது ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அதைக் காப்பாற்றக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்துக் கடலில் இறக்க வேண்டி வந்தது. உன் தொட்டிக்குள் இருக்கும் எதுவும் இந்தக் கணக்கில் சேரக் கூடாது. அதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

அப்படியானால் கல்லுக்கு என்ன செய்வது? பானை மாதிரி சுட்ட பீங்கான் கல் விற்கிறார்கள், அதை வாங்கு. கடற்பாறையின் உயிர் அதன் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவில் இருக்கிறது. ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர் 1961-லேயே இதை எழுதிக் காட்டினார். பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டியில் பவளத்தை உயிரோடு வைத்திருந்தார். அந்தக் கல் செய்த வேலையைத் துளையுள்ள எந்தக் கல்லும் செய்யும், குடியேற நாள் கொடுத்தால். கல்லைச் சுவர் போல நெருக்கி அடுக்காதே. பின்னால் நீர் ஓட வழி விட்டு, இரண்டு மேடாக நிறுத்து.

இனி தண்ணீர். சென்னை போர் தண்ணீர் ஆகவே ஆகாது. வீட்டு ஆர்ஓ தண்ணீரும் அப்படியே உதவாது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அதில் தாது கலந்து விடும் மெஷின்தான் இப்போது எல்லா வீட்டிலும். ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டி, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வருகிற தண்ணீர்தான் வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் உள்ளே போய்ப் பாசிக்குத் தீனியாகும். பெசன்ட் நகரில் போய்க் குடத்தில் மொண்டு வந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அடையாறு கலக்கிற கரை அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே உப்பும் இறங்கிவிடும். ரீஃப் சால்ட் என்று கேட்டு வாங்கு. சமையல் உப்பு, கல்லுப்பு இரண்டும் கூடாது. கால்சியமும் மெக்னீசியமும் அவற்றில் போதாது.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் அவசியம். அதன் சாய்ந்த கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார். மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சந்திக்கிற கோடு 35-இல் நிற்க வேண்டும். குமிழி இருந்தால் கோடு மங்கலாகத் தெரியும். துடைத்துவிட்டு மறுபடி பார். மாதம் ஒருமுறை 35 என்று குறித்த திரவம் விட்டுக் கருவியையே சரிபார்த்துக்கொள்.

தண்ணீர் நிரம்பியதும்தான் பொறுமை தேவைப்படும். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது சிறிய அளவில் இருந்தால் பரவாயில்லை. இந்தப் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு சில சொட்டு விடு. இறால் துண்டைப் போட்டு அழுக விடுகிறவர்களும் உண்டு. வேலை நடக்கும், ஆனால் உன் அம்மா வீட்டுக்குள் விட மாட்டாள். டெஸ்ட் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறி, பச்சை கருத்து, பிறகு ஒரு நாள் மஞ்சளாகவே நிற்கும். இன்று விட்ட அம்மோனியா நாளைக்குள் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். இந்த வாரங்களில் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருப்பது அலுப்புத்தான். அப்போதுதான் கடைக்கு ஓடத் தோன்றும். ஓடாதே. அவசரத்தில் போட்ட மீன் செவுள் வெந்து சாகும்.

அடுத்து, கல்லும் மணலும் பழுப்பாகும், அது டயாட்டம். அது போய்ப் பச்சை இழைப் பாசி வரும். இரண்டும் கடந்து போகும். நாலைந்து நத்தை விடு, விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதே. பாசி மருந்து மட்டும் ஊற்றிவிடாதே. அவற்றிலும் மீன் மருந்துகளிலும் பலவற்றில் செம்பு இருக்கும். நத்தையும் பவளமும் அதில் பிழைக்காது.

உன் வீட்டைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை வெயில். தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் உன் கூடமே 34 காட்டும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல்நீர் 31 டிகிரியைத் தாண்டிச் சூடேறியபோது, திறந்த கடலில் இருந்த பவளங்களே வெளுத்துப் போயின. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற பாசியை, சூடு தாங்காமல் பவளமே வெளியேற்றிவிடும், பிறகு பட்டினி. கடலுக்கே அந்தக் கதி என்றால் நூறு லிட்டர் எம்மாத்திரம்? தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி குறையும், சென்னைப் புழுக்கத்தில் அதற்கு மேல் குறையாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் சேரும்வரை தொடங்குவதையே தள்ளிப்போடு. விளக்கில் மிச்சம் பிடிக்கலாம், சில்லரில் முடியாது.

கரண்ட்டும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தீர்கள் என்பது உனக்கே தெரியும். நீர் அசையாவிட்டால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறையும். நீரை அசைக்கும் வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் கொடு. அது தின்னும் கரண்ட் கொஞ்சம்தான். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டு தொட்டிக்கு மேலே, பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவில் தானே அணையும் ஆர்சிசிபி இல்லாத லைனில் கை வைக்காதே. தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 170 கிலோ தாண்டும். சுவரோரம், பீம் போகும் இடமாகப் பார்த்து வை.

இனி உயிர்கள். முதலில் கோமாளி மீன் ஒரு ஜோடி, குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்கு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் மண்டபத்திலேயே இதைப் பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிட இவை தீனிக்கும் தொட்டிக்கும் சீக்கிரம் பழகும். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். அது இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம்கூட இருக்கும். அதை யோசித்துக்கொண்டு வாங்கு. கோமாளிக்குக் கடல் சாமந்தி கட்டாயம் என்று சொல்லி விற்பார்கள், நம்பாதே. சாமந்தி தொட்டிக்குள் நகர்ந்து திரியும். வேவ்மேக்கரில் சிக்கிக் கூழானால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் போய்விடும். ஒரு வருடம் போகட்டும். சினிமாவில் பார்த்த நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். அதற்கு இரண்டடித் தொட்டி சிறை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்: முதலில் வாங்க வேண்டியது மென்பவளம். காளான் பவளம், லெதர், சோவாந்திட், செனியா. சட்டத்தின் பட்டியலில் இவை இல்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பில் வாங்கு. செனியாவைப் பார்த்திருப்பாய், எட்டு விரலும் விரிந்து மூடி விரிந்து மூடிக் காற்றைப் பிடிப்பது போலத் துடிக்கும். பார்த்தால் நகர மனசு வராது. ஆனால் விட்டால் எல்லாக் கல்லிலும் ஏறிவிடும், தனிக் கல்லில் வை. லெதர் சில நாள் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல மங்கிக் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறியாதே. தோலுரிக்கிறது. அந்தப் படலம் நீரோட்டத்தில் கிழிந்து போனதும் முன்னைவிடப் பெரிதாக விரியும்.

சோவாந்திட் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதே, தேய்க்காதே. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. குழந்தைகள் வந்தால் தொட்டிக்குள் கை விட விடாதே.

தினசரி வேலை கொஞ்சம்தான். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வை. நீர் அதற்குக் கீழே இறங்கினால் டிடிஎஸ் பூஜ்யமான நல்ல தண்ணீர் ஊற்று, உப்புத் தண்ணீர் ஊற்றாதே. ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. வாரம் 10 லிட்டர் மாற்று; அதற்கு 350 முதல் 400 கிராம் சால்ட் ஆகும், முந்தின இரவே கரைத்து ஓட விடு. மென்பவளம் மட்டும் இருக்கும்வரை இந்த மாற்றலே கால்சியத்தையும் காரத்தன்மையையும் பார்த்துக்கொள்ளும். பாட்டில் பாட்டிலாகத் திரவம் வாங்க வேண்டாம்.

நாளைக்கு வேலை மாறி பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போக நேர்ந்தால் இவற்றை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று இப்போதே ஒருவரைப் பேசி வை. கடலில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் கடல்களில் இருக்கிற சிங்க மீனைத் தொட்டிக்காரர்கள் ஃப்ளோரிடாவில் விட்டதால், அது அட்லாண்டிக் கரை நெடுகப் பெருகி அங்கத்து மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது.

சனிக்கிழமை உன் வீட்டு ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு, மத்தியானம் மூன்று மணிக்குக் கூடத்தில் எத்தனை டிகிரி, இந்த இரண்டையும் அளந்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ரெசின், சில்லர் எந்த அளவு வேண்டும் என்று சொல்கிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா