கோடு போடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய செவ்வாய்ப் படம் வந்து சேர்ந்தது. ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எவ்வளவு பொறுமையாகப் பென்சிலை ஓட்டியிருக்கிறாய்! நல்ல கை உனக்கு. ஆனால் இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிர்ட்டிஸ் மேஜர் என்கிற முக்கோணக் கருந்திட்டின் கீழ்நுனியிலிருந்து மூன்று மெல்லிய கோடுகள் இழுத்திருக்கிறாயே, அவற்றை நீ பார்த்தாயா? ஆறு அங்குலத் தொலைநோக்கியில், ‘காற்று மோசம்’ என்று நீயே ஓரத்தில் எழுதிவைத்த இரவில்? கைபேசியில் செவ்வாயின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் கேட்கவில்லை. உன் வயதில் நான் சனியை வரைந்தபோது, வளையத்தின் இரு முனைகளில் மட்டும் கண்ணுக்கு எட்டிய காசினி இடைவெளியைச் சுற்றிலும் முழுசாக வரைந்துவிட்டேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் கண் எங்கே நின்றது, புத்தகம் எங்கே ஆரம்பித்தது என்று இன்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நல்ல இரவு அப்படியே வீணாய்ப் போனது.

அதனால்தான் யூஜீன் அந்தோனியாடி என்ற வானியலாளரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. 1870இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்த கிரேக்கர். 1893இல் பிரான்சுக்குப் போய், ஜுவிசியில் வானியலாளர் ஃபிளமாரியனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பிறகு ஹாகியா சோபியா கட்டடத்தை அளந்து வரைந்து மூன்று பாகமாகப் புத்தகம் போட்டவர். வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே ஊறிப்போன மனிதர்.

அப்போது வானியலில் பெரிய பேச்சு செவ்வாயின் கால்வாய்கள்தான். 1877இல் மிலானில் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் 22 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த கோடுகளுக்கு ‘கனாலி’ என்று பெயர் வைத்தார். இத்தாலிய மொழியில் அது இயற்கையான நீரோடையையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனதும் யாரோ வெட்டிய கால்வாயாகிவிட்டது. அமெரிக்காவில் லோவெல் என்பவர் அதையே நம்பி, 1894இல் ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் ஆய்வகமே கட்டினார். அந்தோனியாடியும் அந்நாளில் கோடு போட்டவர்தான். இதை நீ மறக்கக் கூடாது.

1909 செப்டம்பர் 20. பாரிஸுக்குப் பக்கத்தில் மியூடோனில் இருக்கும் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அவர் செவ்வாயைப் பார்த்தார். காற்று அசையவே இல்லை. கனவோ என்று நினைத்ததாகப் பின்னால் எழுதினார். கோடு என்று எல்லாரும் வரைந்த இடத்தில் கோடு இல்லை. ஒழுங்கற்ற திட்டுகள், புள்ளிகள், கந்தலாகக் கிடக்கும் நிழல்கள். சின்னத் தொலைநோக்கியில், கலங்கிய காற்றில், கண்தான் அவற்றை இழுத்துக் கோர்த்துக் கோடாக்கியிருக்கிறது. பெரிய தொலைநோக்கியைத்தான் காற்று அதிகம் கெடுக்கும் என்று லோவெல் வாதாடினார். அந்தோனியாடி அசையவில்லை. தான் முன்பு வரைந்த கோடுகளையும் சேர்த்தே கைவிட்டார். இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அன்றிரவு கண்ட நுணுக்கங்களையெல்லாம் வரைந்து மாளாது என்று ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட கை இருந்தும்.

இத்தோடு நிறுத்தினால் அவரைச் சாமியாக்கிய மாதிரி ஆகிவிடும். புதனை எடுத்துக்கொள். அது 88 நாளில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது, ஒரே பக்கத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுகிறது என்று ஸ்கியாபரெல்லி 1889இல் சொல்லியிருந்தார். 1920களில் அந்தோனியாடி அதே பெரிய தொலைநோக்கியில் பட்டப்பகலில் புதனைப் பார்த்து வரைந்து, அதே முடிவுக்கு வந்தார். 1934இல் புத்தகமாகவும் வெளியிட்டார். எதிர்பார்த்த இடத்தில் ஒரு கருந்திட்டு தெரியாவிட்டால், புதனில் தூசுமேகம் மறைத்திருக்கிறது என்று விளக்கினார். 1965இல் அரெசிபோ ராடார் அளந்தபோது உண்மையான கணக்கு 59 நாள் என்று வந்தது. இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் புதன் மூன்று முறை தன்னைச் சுற்றிவிடுகிறது. நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் பருவங்களிலோ ஏறக்குறைய அதே பக்கமே திரும்பத் திரும்ப நம்மைப் பார்க்கிறது. ஏமாறத்தான் செய்வோம். ஆனால் அந்தத் திட்டு காணாமல் போன நாட்கள் இருந்தனவே, அவைதான் உண்மையைச் சொல்ல வந்தவை. மேகத்தைப் போட்டு அவற்றின் வாயை அடைத்துவிட்டார். அதே 1965இல்தான் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போய்ப் படம் அனுப்பியது. குழிகள் இருந்தன, கால்வாய் ஒன்றும் இல்லை.

ஆகவே தம்பி, மாடிக்குப் போகும்முன் கைபேசியைக் கீழேயே வைத்துவிடு. முதலில் காற்றுக்கு மதிப்பெண் போடு. நாம் இன்றும் பயன்படுத்தும் ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவு அந்தோனியாடி கொடுத்ததுதான். அசையாத காற்றுக்கு ஒன்று, வரையவே முடியாத கொதிப்புக்கு ஐந்து. பிறகு துருவத்தின் வெள்ளைத் தொப்பி, அடுத்துப் பெரிய கருந்திட்டுகள். இவற்றைக் கால் மணி நேரத்துக்குள் வட்டத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு நேரத்தை எழுது. செவ்வாய் மணிக்குப் பதினைந்து பாகைக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், உனக்காக நிற்காது. அதன்பிறகு ஐபீஸில் கண்ணை வைத்துக் காத்திரு. காற்று ஒரு நொடி அடங்கும், ஏதோ பளிச்சென்று தெரியும், மறையும். ஒரே இடத்தில் மூன்று முறையாவது தெரிந்தால் வரை. ஒருமுறைதான் தெரிந்ததென்றால் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ‘சந்தேகம்’ என்று எழுது. எதிர்பார்த்தது தெரியவில்லையா, ‘தெரியவில்லை’ என்று எழுது. காரணம் தேடாதே.

இந்தப் படத்தைக் கிழித்துவிடாதே. பின்பக்கத்தில் அந்த மூன்று கோடுகளும் எங்கிருந்து வந்தன என்று எழுதித் தேதி போட்டு வை. குறைவாக வரைந்தாலும் போதும். 1659இல் வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்த செவ்வாயில் இருப்பது இதே சிர்ட்டிஸ் மேஜர், ஒரே ஒரு கருந்திட்டு. அது நகர்ந்து திரும்பி வருவதைப் பார்த்தே செவ்வாயின் ஒருநாள் கிட்டத்தட்ட 24 மணி நேரம் என்று அவர் கண்டுபிடித்தார். அடுத்த தெளிந்த இரவில் வரைந்து அனுப்பு. வட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு மங்கல் திட்டும் மட்டும் இருந்தாலும் சரி.

அன்புடன்,
அண்ணன்