உருக்கிப் பிழிந்த மருந்து

மாணவர்காள்! நோய் தீர்க்கும் பொருள் ஒன்றைக் கண்டறிந்தவுடன் மருந்து கிடைத்துவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். அஃது உண்மையிற் பாதி வேலையே ஆகும். உட்கொண்ட மருந்து குடலிலுள்ள நீரிற் கரைதல் வேண்டும். கரைந்து குருதியிற் கலத்தல் வேண்டும். கலந்து நோயுற்ற இடத்தை அடைதல் வேண்டும். கரையாத மருந்து, வயலைச் சென்றடையாத ஏரிநீரை ஒக்கும். ஏரி நிறைந்திருந்தும் பயிர் வாடும். வயிற்றினுள் மருந்து இருந்தும் நோயாளி வாடுவான். இக்காலத்து ஆராய்ச்சியாளர் ஆக்கும் புதிய மருந்துகளுட் பல, நீரில் எளிதிற் கரைவன அல்ல. அவற்றைக் கரையச் செய்யும் வழிகளுள் ஒன்றே 'உருக்கிப் பிழிதல்' என்பது.

மருந்து கரையாமைக்குக் காரணம் யாது? திண்பொருள்கள் பலவற்றில் மூலக்கூறுகள், படைவீரர் அணிவகுத்து நிற்பதுபோல் ஒழுங்காக அடுக்கப்பெற்றிருக்கும். இதனைப் படிகம் என்பர். இறுகிய அவ்வணியைக் கலைத்து ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்தெடுத்தல் நீருக்கு அரிய செயலாம். கற்கண்டு ஒரு படிகம். அதே சர்க்கரையைப் பாகாக உருக்கி விரைவிற் குளிரவைப்பின், கண்ணாடி போன்ற மிட்டாய் ஆகிறது. பொருள் ஒன்றே, அடுக்கு வேறு. மூலக்கூறுகள் அணிவகுக்க நேரமின்றி, நின்ற நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. இதனைப் படிகமிலா நிலை எனலாம். இந்நிலையிலுள்ள மருந்து நீரில் எளிதிற் கரையும்.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. மழைக்காலத்தில் திறந்து வைத்த மிட்டாய் பிசுபிசுத்து, நாளடைவில் அதன்மேற் சர்க்கரை மீண்டும் படிகமாவதைக் காணலாம். மருந்தும் அவ்வாறே பழைய அணிக்குத் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்தும் துணைப்பொருளே பாலிமர். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆகிய இப்பொருள், மருந்தின் மூலக்கூறுகளைத் தன்னிடையே பரவலாக இருத்தி, அவை ஒன்றுகூடி அணிவகுக்காமற் காக்கிறது.

இவ்விரண்டையும் எங்ஙனம் ஒன்றாக்குவது? நம் வீடுகளில் முறுக்குப் பிழியும் நாழியை நீங்கள் கண்டிருப்பீர்கள். மாவை உள்ளே இட்டு மேலிருந்து அழுத்த, அடியிலுள்ள துளையின் வழியே அஃது உருப்பெற்று வெளிவருகிறது. உருக்கிப் பிழியும் பொறியும் அத்தகையதே. நீண்ட இரும்பு உருளையொன்றினுள் இரண்டு திருகுகள் அருகருகே சுழலும். ஒருமுனையில் மருந்துத் தூளையும் பாலிமர்த் தூளையும் அளவாக இடுவர். பெரும்பாலும் 100 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில், திருகுகள் அவற்றைப் பிசைந்து, உருக்கி, கலந்து, முன்னோக்கித் தள்ளும். மறுமுனையிலுள்ள துளை வழியே வெளிவரும் குழம்பு விரைவிற் குளிர்ந்து கண்ணாடிபோல் இறுகும். அதனைப் பொடித்து மாத்திரையாக அழுத்துவர். மருந்தைக் கரைக்க எரிசாராயம் முதலிய நீர்மங்களும் வேண்டா. அவற்றை உலர்த்தி நீக்கும் வேலையும் இல்லை.

இப்பிழிமுறை மருந்துக்கெனத் தோன்றியதன்று. 1797ஆம் ஆண்டில் சோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர், ஈயக் குழாய் செய்தற்கு ஒரு பிழிபொறியை அமைத்தார். பின்னர் ரப்பர்த் தொழிலாளரும் பிளாஸ்டிக் தொழிலாளரும் இம்முறையை வளர்த்தனர். குழாய் செய்தோரின் கருவியை மருந்து செய்வோர் கடன் கொண்டனர். அக்கடனால் விளைந்த நன்மையை ஒரு வரலாற்றால் அறிவோம்.

எய்ட்சு நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரசை அடக்குதற்கு, ரிட்டோனாவிர் என்னும் மருந்தை அமெரிக்க நாட்டு அபட் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டது. அம்மருந்து உறைமாத்திரையாக விற்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் ஓர் எதிர்பாராத நிகழ்ச்சி நேர்ந்தது. உறையினுள் இருந்த மருந்து, அதுவரை எவரும் கண்டிராத புதிய படிக வடிவாக மாறிற்று. அப்படிகம் முன்னையதினும் மிகக் குறைவாகவே கரைந்தது. மருந்தின் இயல்போ அளவோ மாறவில்லை. அடுக்கு மட்டுமே மாறிற்று. ஆயினும் உறைமாத்திரைகளைக் கடைகளினின்றும் திரும்பப் பெற நேர்ந்தது. நோயாளிகள் சுவை பொறுத்தற்கரிய நீர்மருந்தைப் பருக வேண்டியவராயினர். அடுத்த ஆண்டு வந்த புதிய உறைமாத்திரையைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டில் லோப்பினாவிர் என்னும் மருந்துடன் ரிட்டோனாவிரைச் சேர்த்துக் கலேட்ரா என்னும் உறைமாத்திரை வந்தது. கல்லீரல் லோப்பினாவிரை விரைவிற் சிதைத்துவிடும். அச்சிதைவைத் தடுப்பது ரிட்டோனாவிரின் பணி. நாளொன்றுக்கு 6 உறைமாத்திரைகளை உணவோடு உட்கொள்ள வேண்டும். அவற்றை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும். வெளியே வைப்பின், 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் 2 மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

எச்.ஐ.வி. மிகுதியாகப் பரவியிருந்த ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்களை நினைத்துப் பாருங்கள். மின்சாரமே இல்லாத குடிசையிற் குளிர்ப்பெட்டி ஏது? உண்ண உணவில்லாதவன் உணவோடு உட்கொள்வது எங்ஙனம்? மருந்து உலகில் இருந்தது. ஆனால் அவ்வேழைக்கு இல்லை.

2005ஆம் ஆண்டு அக்டோபரில், உருக்கிப் பிழியும் முறையால் ஆக்கப்பெற்ற கலேட்ரா மாத்திரைக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. கோபோவிடோன் என்னும் பாலிமரில் இருமருந்துகளும் படிகமிலா நிலையில் இருத்தப்பட்டன. நாளொன்றுக்கு 4 மாத்திரைகள் போதுமாயின, குளிர்ப்பெட்டி வேண்டாவாயிற்று, உணவோடும் உணவின்றியும் உட்கொள்ள இயன்றது. 2006ஆம் ஆண்டில், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டமைப்பினர், வெப்பம் தாங்கும் இம்மாத்திரை வறிய நாடுகளுக்கும் விரைந்து கிடைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினர். ரிட்டோனாவிர் தனி மாத்திரையும் 2010ஆம் ஆண்டில் இவ்வகையிலேயே வந்தது. பின்னர் வேறு நல்ல மருந்துகளும் தோன்றின. 2019ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் டோலுடெக்ராவிர் என்பதை முதன்மையாகப் பரிந்துரைத்தது. எனினும் கலேட்ரா கற்பித்த பாடம் நிலைத்துள்ளது.

இம்முறை எல்லா மருந்துக்கும் ஏற்றதன்று. வெப்பத்தாற் சிதையும் மருந்தை உருக்கலாகாது. மாத்திரையை மனம்போனவாறு பொடிக்கவும் கூடாது. கலேட்ரா மாத்திரையைப் பொடித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, உடல் ஏற்ற லோப்பினாவிரின் அளவு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்ததாக 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. மாத்திரையின் வடிவமும் மருந்தின் ஒரு கூறே என்பது இதனால் விளங்கும்.

ஆதலின், மாணவர்காள், அரிய பொருளைக் கண்டறிந்தவரைப் போற்றுவதோடு அமையாமல், அதனை எளியோன் கைக்குச் சேரும் வடிவில் ஆக்கியவரையும் போற்றுவோமாக. அறிவு பிறந்த இடத்திலேயே நின்றுவிடின் பயன் குன்றும். வேண்டுவோரிடம் சென்று சேரும்போதே அஃது அறமாகிறது.