சந்தையில் ருசி பார்த்தல்

நாம் ஒரு நாள் காலை, நம் ஏழு வயது மகனுடன் காய்கறி வாங்கச் சந்தைக்குச் சென்றிருந்தோம். வறுத்த வேர்க்கடலையைக் குவித்து வைத்து ஓர் அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். விலை கேட்டபடியே நம் கை குவியலுக்குள் சென்றது. நான்கைந்து கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, விலை கூடுதல் என்று சொல்லி நகர்ந்தோம். பத்தடி சென்றதும் மகன் கேட்டான்: “அத்தா, கடலைக்குக் காசு கொடுக்கலையே?”

மற்றவர்களுக்கு மஸ்அலா சொல்லும் நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. “ருசிதானே பார்த்தோம்” என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் வாங்கும் எண்ணம் நமக்கு இருந்ததா என்று நம் உள்ளமே கேட்டது. இல்லை என்பதே உண்மை. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புவனகிரி, சிதம்பரம், கடலூர் வட்டாரத்தில் ருசி பார்த்து வாங்குவது பழகிப்போன ஒன்று. பலாப்பழம் விற்பவர் தாமாகவே ஒரு சுளையை எடுத்து நீட்டுவார். மாம்பழக்காரர் ஒரு கீற்று அறுத்துத் தருவார். புவனகிரிப் பக்கத்து மிதி பாகற்காயை மட்டும் யாரும் ருசி பார்ப்பதில்லை! இனிப்பானதை நோக்கியே நம் நஃப்ஸு கை நீட்டுகிறது.

ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணலாகாது, இருவரும் மனமொப்பிச் செய்யும் வியாபாரமாக இருக்க வேண்டும் என்பது அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் தரும் போதனை. எனவே இங்கு அடிப்படை, உடையவரின் சம்மதம். அச்சம்மதம் இரு வகைப்படும். ஒன்று, அவர் வாயால் சொல்வது. மற்றொன்று, ஊர் வழக்கத்தால் அறியப்படுவது. சுளையை அவரே நீட்டினால் முதல் வகை. திராட்சைக்குலையில் ஒன்றைக் கிள்ளிப் பார்ப்பதைக் கடைக்காரர்கள் இயல்பாக ஏற்கும் ஊரில் அது இரண்டாம் வகை.

ஆனால் வழக்கம் தரும் அனுமதி எதற்கு? வாங்க நினைப்பவர் தரம் அறிவதற்கு. வாங்கும் எண்ணமே இல்லாமல் கடை கடையாக வாயை நிரப்பிக்கொண்டு போவதற்கல்ல. ருசி அறிய ஒன்று போதும் என்றால் இரண்டாவது அந்த அனுமதியில் சேராது. உண்மையாகவே வாங்க நினைத்து, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டால் அதில் குற்றமில்லை.

தருபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கூலிக்கு இருக்கும் ஆள், முதலாளியின் சம்மதமின்றி அவர் பொருளை வாரி வழங்க முடியாது. கடையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சிறு பிள்ளை தானமாகக் கொடுப்பதும் செல்லாது.

“நாலு கடலையில் என்ன குறைந்துவிடும்?” என்பார்கள். ஆளுக்கு 25 கிராம் என 40 பேர் எடுத்தால் ஒரு கிலோ போயிற்று! 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே, இடைத்தரகரின்றி விளைவித்தவர் கைக்கே காசு சேர வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் காசில் நாம் பங்கு கேட்கலாமா? ஒரு கோதுமை மணிக்கு விலை பேசி விற்க முடியாது. ஆயினும் பிறருடைய ஒரு மணியை எடுப்பதும் ஹராமே, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன.

நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது, ஸதக்காப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டார்கள். பிள்ளைதானே என்று விட்டுவிடாமல் நபியவர்கள் அதைத் துப்பச் செய்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் நம் கையைப் பார்த்தே ஹலால் ஹராமைக் கற்கிறார்கள் என்பதைத் தாய்மார்களும் தந்தைமார்களும் மறக்கலாகாது.

விற்பவருக்கும் கடமை உண்டு. தானியக் குவியல் ஒன்றில் நபியவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தென்பட்டது. ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கலாகாதா என்று வினவி, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ருசிக்குத் தருவது ஒரு பழம், நிறுத்துப் போடுவது வேறு பழம் என்றால் அது இந்த எச்சரிக்கையில் அடங்கும்.

உடைத்தால்தான் தெரியும் பொருள்களை என்ன செய்வது? வாங்கிய தேங்காயை உடைத்து அழுகல் கண்டால், உடைத்ததற்கு ஈடு தராமலே திருப்பித் தரலாம் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜி’ல் தரும் சட்டம். ஹனஃபி மத்ஹபில், எதற்கும் உதவாதது என்றால் முழு விலையும் திரும்பும்; ஓரளவு உதவுமென்றால், குறைக்குரிய தொகையை மட்டும் பெறலாம்.

நோன்பாளி வாங்கும் பொருளை நாவில் வைத்து ருசி பார்த்துத் துப்புவதில் குற்றமில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. தேவையின்றிச் செய்வது மக்ரூஹ். தெரிந்தே விழுங்கினால் நோன்பு முறியும்.

ஏற்கெனவே எடுத்துத் தின்றவர் என்ன செய்வது? உடையவரிடம் விலையைக் கொடுக்க வேண்டும், அல்லது ஹலாலாக்கித் தரும்படி கேட்க வேண்டும். அவர் முஸ்லிமாக இருந்தாலும் பிற மதத்தவராக இருந்தாலும் சட்டம் ஒன்றே. ஹக்குல் இபாத் எனும் அடியார் உரிமை தவ்பாவினால் மட்டும் தீராது.

நாம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் திரும்பினோம். விஷயத்தைச் சொன்னதும், “இதுக்காகவா திரும்பி வந்தீங்க பாய்? புள்ளைக்கும் ரெண்டு எடுத்துக் குடுங்க” என்று சிரித்தார். மகன் நம் முகத்தைப் பார்த்தான். “அவங்களே கொடுத்தாங்க, இப்போ சாப்பிடு” என்றோம்.

நம் நாவையும் கையையும் பிறர் உரிமையிலிருந்து காத்துக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.