இருளில் எடுக்கும் படம்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் இரவிலும் கூட்டம் அலைமோதும். கடை விளக்குகள் கண்ணைப் பறிக்கும். கடையோரம் அமர்ந்து பூத் தொடுப்பவரின் முகமோ நிழலில் இருக்கும். அவரைத் திறன்பேசியில் படமெடுத்தால், விளக்குகள் வெறும் வெண்திட்டுகளாகவும் முகம் கருமையாகவும் பதிவாகலாம். முகத்தை வெளிச்சமாக்கினால் படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். இப்புள்ளிகளையே ‘இரைச்சல்’ என்பர்.

இரைச்சல் ஏன் உண்டாகிறது? கேமரா லென்சுக்குப் பின்னால் ஒளியுணரி உள்ளது. அதிலுள்ள பல மில்லியன் படப்புள்ளிகள், தம்மீது விழும் ஒளியை அளக்கின்றன. முற்றத்தில் வரிசையாக வைத்த குவளைகளை எண்ணிப் பாருங்கள். கனமழையில் எல்லாக் குவளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு நிறையும். தூறலிலோ ஒன்றில் ஐந்து துளி விழும். பக்கத்துக் குவளையில் இரண்டே விழும். குறைந்த ஒளியிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வே ஏற்படுகிறது. பெரிய கேமராக்கள் சிலவற்றில் ஒளியுணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. திறன்பேசியின் ஒளியுணரி அதைவிட மிகச் சிறியது. குவளை சிறிதானால் துளிகளும் குறையும் அல்லவா?

ஒளியுணரி தரும் சமிக்ஞையைப் பெருக்கினால் படம் வெளிச்சமாகும். ஆனால், ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே பெருகும். நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்தால் கை நடுக்கத்தால் படம் கலங்கும். எனவே, இன்றைய திறன்பேசி குறுகிய நேரப் படங்கள் பலவற்றை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். உண்மையான நிறமோ மாறாது. ஆகவே, நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் ஏறக்குறைய பாதியாகும். ஒன்பதைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்காகும். குறுகிய நேரப் படங்களில் விளக்குகளின் வடிவமும் கெடாது. கூகுள் ஆய்வாளர்கள் இத்தகைய முறை ஒன்றை 2016இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 2018இல் பிக்சல் திறன்பேசிகளிலும் 2019இல் ஐபோன் 11இலும் இரவுப் படங்களுக்கெனத் தனி வசதி வந்தது.

எனினும், இதற்கும் எல்லை உண்டு. ஓடும் குழந்தை ஒவ்வொரு படத்திலும் வேறோர் இடத்தில் இருக்கும்; அப்பகுதியைப் பொருத்த இயலாது. அங்கு எஞ்சும் இரைச்சலை மென்பொருள் மெழுகி மறைக்கும். அப்போது நுண்ணிய விவரங்களையும் அது இரைச்சலாகக் கருதிவிடக்கூடும். பிரிக்பீல்ட்ஸ் கடைவாசலில் வண்ண அரிசியால் இட்ட கோலம், மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் சாயம் பூசிய தரைபோல் தெரியலாம். பாட்டியின் முகச் சுருக்கங்களும் அவ்வாறே மறையலாம். பல ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் அப்படத்தில் காணும் முகம், அவர் முகமாக இருக்குமா?

அதனால், படமெடுக்கும்முன் சிலவற்றைக் கவனித்தல் நன்று. பாட்டியைக் கடை வெளிச்சத்தின் பக்கம் ஓரடி நகரச் சொல்லலாம். திரையில் அவர் முகத்தைத் தொட்டு ஒளியளவைச் சரிசெய்யலாம். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். பதிவாகாத விவரத்தை மென்பொருள் ஊகிக்கலாமே தவிர, மீட்டுத் தர முடியாது. முகத்தில் விழும் சிறிதளவு கூடுதல் ஒளியே அதை உள்ளபடி காக்கும்.